வெள்ளை மணல் பங்குதாரர்கள்

அந்தத் தடித்த உறை எங்கள் ஊரான தோணிரேவில் ஒரே நாளில் ஏழு வீடுகளுக்கு வந்தது. மதியத்துக்குள் ஏழும் என் கடை மேசைக்கு வந்துவிட்டன.

பழவேற்காட்டில் பொன்னேரி பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், மீன்பிடித் தடைக்கால நிவாரண மனு, பிள்ளைகளின் பரீட்சை முடிவு, பேங்கிலிருந்து வரும் புரியாத எஸ்எம்எஸ் எல்லாம் என்னிடம்தான் வரும். இங்கிலீஷில் ஏதாவது காகிதம் வந்தால் யாரும் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை. அப்படியே கொண்டுவந்து, "இது இன்னான்னு பாரும்மா" என்று வைத்துவிடுவார்கள்.

இதுவும் அப்படித்தான் வந்தது. ஏரியின் வடகோடியில், ஆந்திரப் பக்கம், கண்ணாடி செய்யத் தேவையான வெள்ளை மணலைத் தோண்டி எடுக்கும் கம்பெனி ஒன்று உண்டு. ஏரியில் மீன் படாத மாதங்களில் எங்கள் ஊர் ஆண்கள் அங்கே வேலைக்குப் போவார்கள். கம்பெனிப் படகு திங்கட்கிழமை ஏற்றிக்கொண்டு போய்ச் சனிக்கிழமை இறக்கிவிடும். அந்தப் படகை ஓட்டியவர் என் அப்பா; நைனா என்றுதான் கூப்பிடுவோம். சிலர் அங்கேயே நிரந்தரமாகிப் பதினைந்து, இருபது வருஷம் வேலை பார்த்தார்கள். கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனபோது நிரந்தரத் தொழிலாளர்களுக்கென்று கொஞ்சம் பங்கு ஒதுக்கினார்கள். நைனா உட்பட ஏழு பேர் வாங்கினார்கள். வாங்கியவர்களில் ஒருவருக்கும் அது இன்னதென்று சரியாகத் தெரியாது. காகிதமாக இருந்ததை டீமேட்டுக்கு, அதாவது கம்ப்யூட்டர் கணக்குக்கு, மாற்ற வேண்டும் என்று விதி வந்தபோது நான்தான் ஏழு பேரையும் மீஞ்சூர் புரோக்கர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

உறையைப் பிரித்து உள்ளே இருந்த புத்தகத்தில் முதல் நான்கு பக்கம் படித்தேன். கம்பெனியின் முதலாளிக் குடும்பம் தங்கள் பங்கை ஒரு வெளிநாட்டுச் சுரங்கக் கம்பெனிக்கு விற்கிறது. சட்டப்படி அந்த வெளிநாட்டுக்காரன் மற்ற பங்குதாரர்களிடமும், 'நீங்களும் விற்க விரும்பினால் இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்' என்று கேட்க வேண்டும். அந்த விலை அன்றைய சந்தை விலையைவிட நன்றாகவே அதிகம். விற்க விரும்புகிறவர்களுக்கு ஆரம்ப நாளும் கடைசி நாளும் போட்டிருந்தார்கள்.

மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கு அதைச் சொன்னேன். கூடவே என் வாய் சும்மா இருக்காமல் இன்னொன்றையும் சொன்னது.

"நல்ல விலைதான். குடுத்துடலாம்."

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அத்தை உடனே தலையாட்டிவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் அந்தச் சுரங்கத்தில் மணல் சலிக்கும் ஷெட்டில் இருந்தவர். இறந்து நான்கு வருஷம் ஆகிறது. பங்கு அத்தை பேருக்கு மாறியிருந்தது.

"நீ சொன்னா சரிம்மா. எங்க கையெழுத்து போடணும்?"

எதிர்வீட்டு மாமா மட்டும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரும் அதே ஷெட்டில் வேலை பார்த்தவர்தான். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குவார்.

"ஷேரு போவட்டும்," என்றார். "வேனு வருமா?"



மாதத்துக்கு ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஒரு மருத்துவ வேன் பழவேற்காட்டுக்கு வரும். மணல் தூசியில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போனவர்களுக்கு அதில்தான் மாத்திரையும் உறிஞ்சுகிற பம்பும் கிடைக்கும். தூசியால்தான் கெட்டது என்று கம்பெனி ஒருநாளும் சொன்னதில்லை. வேன்மேல் 'நல்வாழ்வு முகாம்' என்று எழுதியிருக்கும். எப்படி எழுதியிருந்தாலும் மாமா அதை நம்பித்தான் இருந்தார். தோணிரேவிலும் பக்கத்து ஊர்களிலும் அப்படிப் பலர் இருந்தார்கள்.

அன்று மாலைக்குள் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். வேனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன்னாள் தொழிலாளர் என்ற சொல்லே இல்லை. முழுசாகப் படிக்காமலேயே "குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குப் பிடித்த பரபரப்பு பல வாரங்களுக்கு என்னை விடவில்லை.

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதே போனில் அந்தப் பங்கின் விலையைப் பார்ப்பேன். ஏறினால் கவலை, இறங்கினால் இன்னொரு கவலை. இதில் என் பெயரில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஒருவருடைய பட்டாவை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி மீட்டு வந்தேன். வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"நீ இன்னா அந்தக் கம்பெனிக்கு மேனேஜரா?"

உறையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஏதோ வெளியூரில் ஒரு பெண் எடுத்தாள். பங்கைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று வைத்துவிட்டாள். கம்பெனியின் பழைய ஆபீஸ் நம்பரைத் தேடிப்பிடித்தேன். அங்கே எடுத்தவர் தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகவே பேசினார். வேனைப் பற்றிக் கேட்டேன்.

"அம்மா, புதுசா வர்றவங்க என்னை வெச்சுப்பாங்களான்னே எனக்குத் தெரியலை. நான் வேனைப் பத்தி இன்னா சொல்றது?" என்றார். பிறகு தணிந்த குரலில், "அடுத்த வாரம் பங்குதாரர் கூட்டம் இருக்குது. வீடியோவில. பேசணும்னு முன்னாடியே மெயில் போட்டா பேச விடணும், அது ரூலு. யார் பேர்ல ஷேர் இருக்குதோ அவங்க பேசலாம்," என்றார்.

வைப்பதற்கு முன் மெயில் முகவரியை இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

யாரைப் பேசச் சொல்வது? மாமாவால் மூச்சு வாங்காமல் பேச முடியாது. அத்தை, "கேமராவுல எல்லாம் நான் வரமாட்டேன்" என்றுவிட்டார். மற்ற நால்வரும் தங்களால் ஆகாது என்றார்கள். மிச்சம் நைனாதான். நைனா படகு ஓட்டியவர். ஷெட்டில் நின்றவர் இல்லை. எழுபது வயதிலும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அதிகம் பேசமாட்டார். மாட்டேன் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"எத்தினி நிமிசம்?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் நைனா."

"போடு பேரை."

என் தம்பிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவன் ஏரியில் தொழில் செய்கிறான். எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊர் முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வரும். அதைப் பாடு என்போம். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மண் அடித்துக் கிடந்ததால் அந்த வருஷம் ஏரிக்குள் இறால் ஏறவில்லை. அவனுடைய பாடு வந்த நாட்களிலெல்லாம் வலை சும்மாதான் வந்தது. படகு இன்ஜினும் பழுதாகிக் கிடந்தது. நைனா பங்கை விற்றால் புது இன்ஜின் போடலாம் என்பது அவன் கணக்கு. அவன் கணக்கிலும் தப்பு இல்லை.

"யக்கா, அவன் எவ்ளோ பெரிய கம்பெனி. நம்ம ஏழு பேரு வித்தா இன்னா, விக்காட்டி இன்னா? அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நீ ஏன் நைனாவை ஏத்திவுடுற?"

"நான் ஏத்திவுடலடா. அவருதான் பேசுறேன்னாரு."

"நீ மெயிலு போடலன்னா அவரு எப்படிப் பேசுவாரு?"



கூட்டம் நடந்த நாள் காலை பதினொரு மணிக்கு நைனா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கடைக்கு வந்து உட்கார்ந்தார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று பக்கத்துக் கடை பேட்டரியை வாங்கி வைத்திருந்தேன். அவர் பேச வேண்டியதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டியிருந்தேன். 'வணக்கம். நான் இந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் மற்றும் பங்குதாரர். மருத்துவ முகாம் தொடருமா என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.' அவ்வளவுதான். மாமா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தை கேமராவில் விழாத இடமாகப் பார்த்துக் கதவோரம் நின்றார்.

முதல் ஒரு மணி நேரம் யார் யாரோ பேசினார்கள். பம்பாயிலிருந்து ஒரு பெரியவர் சேர்மனைப் புகழ்ந்தார். இன்னொருவர் விலை போதாது என்று கத்தினார். திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டத்தில், அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.  எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், வந்து உட்கார்வேன், மறுபடி எழுவேன்.

"குந்தும்மா," என்றார் நைனா. "நீ குறுக்கும் நெடுக்கும் போனா எனக்கு மறந்துபூடும்."

அவர் பேரைக் கூப்பிட்டார்கள். நான் மைக்கைத் திறந்தேன். நைனா தாளைப் பார்க்கவே இல்லை.

"நான் உங்க கம்பெனிப் படகை ஓட்டினவன்," என்று ஆரம்பித்தார். "எங்க ஊரு ஆளுங்கள நான்தான் இட்டுகினு வந்தேன். மீனு இல்லாத நாள்ல கூலி கெடைக்கும், வாங்கடான்னு வூடு வூடா போயி கூப்ட்டவன் நான்தான். மேஸ்திரி ஆளு வேணும்னு கேட்டாரு, நான் கூப்ட்டேன். நான் தண்ணியில நின்னேன், அவங்க தூசில நின்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆவல. என் படகுல வந்தவன்ல நாலு பேரு செத்துட்டான். மிச்சம் கீறவங்க மூச்சுக்கு உங்க வேனுதான். கம்பெனியை வாங்குறவரு அதையும் சேத்து வாங்குறாரா, இல்ல இங்கயே வுட்டுட்டுப் போறாரா? அத்த சொல்லுங்க."

 நைனா படகு ஓட்டியது தெரியும். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. கூப்பிடப்பட்ட வீடுகளில் அவருடையதும் ஒன்று.

சேர்மனுக்குத் தமிழ் புரியவில்லை. பக்கத்திலிருந்த அதிகாரி ஒருவர் இங்கிலீஷில் சொன்னார். 'மருத்துவ முகாமைத் தொடரும்படி கேட்டுக்கொள்கிறார்.' அவ்வளவுதான். சேர்மன் நன்றி சொல்லி, குறித்துக்கொண்டதாகச் சொல்லி, அடுத்தவர் பேரைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. குனிந்து மைக்கருகே போய், எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில், "சார், அவர் சொன்னது அது மட்டும் இல்லை" என்றேன். நாலு பேர் செத்ததைச் சொன்னேன். எங்கப்பாதான் அவர்களை வேலைக்குக் கூட்டிப்போனார் என்றேன். அந்தப் பாரத்தோடு இந்தக் கேள்வியைக் கேட்கிறார், எழுத்தில் பதில் வேண்டும் என்றேன். இலக்கணம் எல்லாம் கண்டபடி போயிருக்கும். நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்வது கேட்டது. அந்த வெளிநாட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். அவரே பேசினார். விற்பனைக் காலம் முடிவதற்குள் எழுத்தில் பதில் தருவோம் என்றார். அதோடு எங்கள் மைக்கை மூடிவிட்டார்கள்.

 அத்தை கதவோரத்திலிருந்து வந்து, நைனாவின் பக்கத்தில் இருந்த காலி டம்ளரை எடுத்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். நைனா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அவர்கள் இருவரும் அதைப் பற்றி என்றைக்காவது பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. என் காதுபடப் பேசவில்லை.

விற்பனைக் காலம் தொடங்கியது. பதில் வரவில்லை. அரை மணிக்கு ஒரு முறை மெயிலைத் திறந்து பார்த்தேன். ஏழு பேரில் மூன்று பேர் முதல் இரண்டு நாளிலேயே விற்றுவிட்டார்கள். நான்காவதாக அத்தை வந்தார்.

"நான் வித்துடறேம்மா. அந்தக் கம்பெனி பேரு போட்ட காயிதம் இனிமே வூட்டுக்கு வர வேணாம்."

நான் முதல் நாள் சொன்னதை நம்பி வந்திருக்கிறாரோ என்று பயந்து, "அத்தை, நான் அன்னிக்குப் படிக்காம சொல்லிட்டேன்" என்றேன்.

"நீ சொன்னதுக்காகவா விக்கிறேன்?" என்று சிரித்தார். அவர் போனிலேயே விற்பதற்கான வேலையை முடித்துக் கொடுத்தேன். எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. கொஞ்சம்தான்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் மெயில் வந்தது. ஒரே பத்தி. 'தகுதியுள்ள முன்னாள் தொழிலாளர்களுக்கு, சரிபார்ப்புக்கு உட்பட்டு, மருத்துவ வசதி தொடரும்.' அச்செடுத்துக்கொண்டு தோணிரேவுக்குப் போனேன். கடலிலிருந்து கொண்டல் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. தாளைப் பறக்காமல் பிடித்துக்கொண்டு மாமா வீட்டு வாசலில் படித்துக் காட்டினேன்.

"தகுதியுள்ளன்னா?" என்றார் மாமா.

"தெரியல மாமா."

"சரிபாக்கறதுன்னா யாரு பாப்பாங்க?"

"அதுவும் தெரியல."

மாமா தாளை வாங்கி மடித்தார். "எழுதிக் குடுத்துட்டான் இல்ல. அது போதும். என் ஷேரை வித்துடு," என்றார். அவர் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த இன்னொருவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்.

நைனா மட்டும் பாக்கி. கடைசி நாள் காலையில் தம்பி தன் பாடு நாளாக இருந்தும் ஏரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். நானும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். நைனா வலையில் கிழிந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"நைனா, சாய்ங்காலம் மூணரை வரைக்கும்தான். வித்துடு," என்றான் தம்பி.

"வேணாண்டா."

"ஏன் வேணாம்? இனிமே அந்த ஷேரை வெச்சி இன்னா பண்ணப் போற? அவன் நாளைக்கே மார்க்கெட்ல இருந்து எடுத்துட்டான்னா சல்லிக்காசு தேறாது. எல்லாரும் வித்துட்டாங்க. உனக்கு மட்டும் இன்னா?"

நைனா ஊசியை நிறுத்தினார்.

"வித்துட்டா அடுத்த வருசம் என்னைப் பேச வுடுவானா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டு நிமிசம் பேசறதுக்கா?" என்றான்.  "எனக்கு இன்ஜின் இல்ல நைனா."

"தெரியும்டா. உன்னை வெச்சிகினு நான் அவங்கள நெனைக்கிறேன்னு உனக்குக் கோவம். நாயந்தான். ஆனா நான் கூப்ட்டு வந்தவங்கடா."

தம்பி எழுந்து போய்விட்டான். மூன்றரை மணி தாண்டும்வரை நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிஷத்தில் நைனா மனது மாறினால் விற்றுவிடலாம் என்றும் இருந்தது, மாறிவிடக் கூடாதே என்றும் இருந்தது. அவர் மாறவில்லை. வலையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த வாரமே பங்கின் விலை சரிந்தது. தம்பி ஒன்றரை மாதம் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. அப்புறம் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தான். பாடு வருகிற நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டு வந்து, கூட்டாளி படகில் போகிறான். இன்ஜின் இன்னும் போடவில்லை. அந்த இன்ஜினை நான்தான் தட்டிப் பறித்தேனோ என்று இப்போதும் நினைப்பேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "அதெல்லாம் வுடுக்கா," என்றான். மன்னித்துவிட்டானா, அலுத்துப்போய்ச் சொன்னானா என்று தெரியவில்லை.

வேன் ஒரு மாதம் வரவில்லை. மாமா ஒரு பம்பையே இரண்டு மாதத்துக்கு இழுத்தார். அடுத்த மாதம் வந்தது. வேறு வண்டி, வேறு பெயின்ட், படிக்க வராத ஒரு பெயர். புது டாக்டர் ஒரு பெண். பொறுமையாகப் பார்த்தார். போகும்போது என் கடைக்கு வந்து, "முன்னாள் தொழிலாளர் பட்டியல் வேணும். பழைய கம்பெனிகிட்ட முழுசா இல்லையாம். மூணு மாசத்துக்குள்ள குடுத்தாதான் பேர் சேரும்," என்றார்.

"நான் இன்னா கம்பெனி ஆளா?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் பேசியதால் அவர்களுக்குத் தெரிந்த நம்பர் என்னுடையது ஒன்றுதான்.

அன்றிலிருந்து பட்டியல் போடுகிறேன். நைனா தன் படகில் ஏறியவர்களை ஊர் ஊராக, வீடு வீடாக ஞாபகப்படுத்திச் சொல்கிறார். சில பேருக்கு அவரே நேரில் போய் விசாரித்துவிட்டு வருகிறார். ஏழு பேரோடு முடியும் என்று நினைத்தது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பலரிடம் அடையாள அட்டை இல்லை. கூலிச் சீட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர்தான். இல்லாதவர்களுக்கு எதைச் சான்றாக வைப்பது என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இல்லை. மூன்று மாதத்தில் ஒன்று போய்விட்டது. கடையில் வேறு வேலை ஓடவில்லை.

நேற்று ஏரிக்கு அந்தப்பக்கத்திலிருந்து, ஆந்திரா ஊரிலிருந்து, ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக, இங்கேதான் பேர் எழுதுகிறார்களாமே என்று கேட்டார். அங்கே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அவரை உட்காரச் சொல்லி, பேரைக் கேட்டேன்.